மூன்று மணி நேர மழுமழுப்பு

இலக்கியம் பேசும் இடத்தில் சவரக் கருவிக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவோம். ‘மானம்’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மயிரை இருமுறை எடுத்தாள்கிறார். ‘கூடாவொழுக்க’த்தில் மழிப்பதையும் வளர்ப்பதையும் ஒருசேர நிறுத்தி, ஒழுக்கம் சரியாக இருப்பவனுக்கு இவையிரண்டும் ஒரு பொருட்டல்ல என்று தீர்ப்பும் வழங்குகிறார். அவருக்கு இழுக்காகத் தோன்றாத பொருள் தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு மட்டும் இழுக்காகிவிடாது.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. காலை எட்டரை மணிக்குள் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய ஒருவர், முகச்சவரத்தைச் சுருக்கமாக முடித்துக்கொள்ள ஒரு மின்சவரக் கருவி வாங்க எண்ணுகிறார். எதை வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது? இந்தச் சிறு கேள்விக்கு விடை தேடிப் புறப்படுபவரின் முன்னால் விளம்பரங்களும் கடைக்காரரும் கருவிகளை வரிசைப்படுத்தும் மதிப்புரையாளரும் சேர்ந்து ஒரு பெரும் பொய்த்திரையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அத்திரையில் மூன்று பொய்கள் பளிச்சென்று எழுதப்பட்டிருக்கின்றன. ஓர் உண்மை மறைக்கப்பட்டிருக்கிறது. முதற்பொய், நெருக்கம். இரண்டாவது, எண்ணிக்கை. மூன்றாவது, மிச்சமாகும் நேரம். மறைக்கப்பட்ட உண்மை, மின்கலம். இவற்றை ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்ப்பதே நம் நோக்கம்.

*

அதற்குமுன் ஒரு கேள்வி. ஒரு மிதிவண்டி வாங்குவதற்கு நான்கு பேரைக் கேட்கிறோம். மிக்ஸி வாங்குவதற்கு அக்கம்பக்கத்தாரைக் கேட்கிறோம். சவரக் கருவியைப் பற்றி மட்டும் ஏன் எவரிடமும் வாய்விட்டுக் கேட்பதில்லை? கூச்சம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அந்தக் கூச்சத்தின் வேர் அத்துணை எளியதன்று.

‘சிரைத்தல்’ என்னும் வினைச்சொல்லை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். வேலையற்றுத் திரிபவனை ஏச அச்சொல் பயன்படுகிறது. ஒருவன் ஒன்றுக்கும் உதவாதவன் என்று சொல்ல வேண்டுமாயின் அச்சொல்லே நாவில் முந்தி நிற்கிறது. ‘மயிர்’ என்ற நல்ல தமிழ்ச்சொல்லுக்கு நேர்ந்ததும் அதுவே. குறளில் கூசாமல் நடமாடிய சொல், வகுப்பறையில் நாம் பாடம் சொல்லும்போது மாணவர் சிரிப்பதற்குரிய சொல்லாகிவிட்டது. ‘முடி’ என்று மாற்றிச் சொல்லித் தப்பிக்கிறோம். தொழிலைச் செய்தவர்கள் மீதிருந்த சாதி இளக்காரம் தொழிலின் சொற்கள் மீதும் படிந்துவிட்டது. இத்தனைக்கும் அம்மக்கள் ஊருக்கு மருத்துவராகவும் சிறு அறுவை செய்பவராகவும் இருந்தவர்கள். அவ்வீட்டுப் பெண்கள் மகப்பேறு பார்த்தவர்கள். ‘மருத்துவர்’ என்னும் பெயர் அச்சமூகத்துக்கு வழங்குவது அதனால்தான். நம் உடலை முழுதும் அறிந்திருந்தவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திவிட்டு, அவர்கள் கைவேலையை வசைச்சொல்லாக்கி மகிழ்ந்த சமூகம் இது.

காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எழுதியிருப்பது நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். பிரிட்டோரியாவில் ஓர் ஆங்கிலேய முடிதிருத்துபவர் அவருக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி கத்தரிக்கும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் அலங்கோலமாகி நீதிமன்ற நண்பர்கள் சிரித்தார்கள். அவ்விடத்தில் அவர் அந்த ஆங்கிலேயரைக் குறை சொல்லவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. தீண்டத்தகாதவர் என்று நாம் ஒதுக்கிய மக்களுக்கு நம் நாட்டு நாவிதர் வேலை செய்ய நாமே விடுவதில்லை. அதன் கூலியைத் தென்னாப்பிரிக்காவில் தாம் பெற்றதாகவே அவர் எழுதுகிறார். சவரக் கத்திக்கும் மானத்துக்கும் உள்ள தொடர்பை இதைவிடத் தெளிவாக எவரும் சொல்ல இயலாது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்தத் தொழிலை இழிவென்று ஒதுக்கினோமோ அத்தொழிலின் அறிவும் நம்மிடம் வந்து சேரவில்லை. முடி எத்திசையில் வளர்கிறது, தோலை எப்படி இழுத்துப் பிடிக்க வேண்டும், கழுத்தடி முடி கன்னத்து முடியினின்று எப்படி வேறுபடுகிறது என்பன ஊர்த் தெருவோர முடிதிருத்தகத்தில் பத்து வயதுப் பையனுக்கும் தெரிந்த செய்திகள்; முதுகலை படித்த நமக்குத் தெரியாதவை. அறியாதவனிடம் எதையும் விற்கலாம். விற்கிறார்கள்.

*

கருவியின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஜேக்கப் ஷிக் என்பவர், நீரும் சோப்பும் இன்றிச் சவரம் செய்யும் மின்கருவிக்கு 1930 இல் காப்புரிமை பெற்றார். அது 1931 இல் 25 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. பெருமந்தத்தில் உலகமே வேலையின்றித் தவித்த காலத்தில் 25 டாலர் என்பது சிறு தொகையன்று. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துக்காக அலெக்சாந்தர் ஹோரோவிட்ஸ் என்னும் பொறியாளர் வட்டமாகச் சுழலும் அலகுகளைக் கொண்ட கருவியை உருவாக்கினார். அது 1939 இல் வெளிவந்தது. ஜெர்மனியின் பிரான் நிறுவனம் 1950 இல் ‘எஸ் 50’ என்ற பெயரில், மெல்லிய துளைத்தகட்டின் அடியில் அலகு அசையும் கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தது.

இன்று கடையில் கிடைக்கும் கருவிகள் அனைத்தும் இவ்விரு குலங்களுள் ஒன்றைச் சேர்ந்தவையே. தகட்டுவகை, சுழல்வகை. தகட்டுவகையில், தாளினும் மெல்லிய உலோகத் தகட்டில் நுண்துளைகள் இருக்கும். துளைக்குள் நுழைந்த முடியை அடியில் இடவலமாக விரைந்தோடும் அலகு வெட்டித் தள்ளும். சுழல்வகையில், வட்டத் தலைகளின் கீற்றுகளுக்குள் நுழையும் முடியைச் சுழலும் அலகு வெட்டும். ஐம்பது, அறுபது ஆண்டுகளாக அடிப்படை இவ்வளவே. மற்றவையெல்லாம் உடுப்பும் ஒப்பனையும்.

அந்த ஒப்பனைக்குள் மறைந்து போகிற செய்தி ஒன்றுண்டு: எது நல்லது என்ற கேள்விக்குக் கருவியில் விடையில்லை, முகத்தில்தான் இருக்கிறது. நாள்தோறும் சவரம் செய்பவர், முடி ஏறக்குறைய ஒரே திசையில் நேராக வளர்பவர் எனில் தகட்டுவகை அவருக்கு ஏற்றது. இரண்டு நாளுக்கொருமுறை செய்பவர், கழுத்தடியில் முடி சுழித்தும் படிந்தும் வளர்பவர் எனில் சுழல்வகை அவருக்குக் கைகொடுக்கும். மூன்று நாள் தாடியை இரண்டில் எதுவும் இன்முகத்தோடு ஏற்காது. முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொண்டாக வேண்டும். இந்த நான்கு வரியைச் சொல்லக் கடைக்காரருக்கு அரை நிமிடம் போதும். நாம் அறிந்தவரை எவரும் சொல்வதில்லை. ‘சார், இதுதான் லேட்டஸ்ட்’ என்பார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டிரிம்மர் வேறு, ஷேவர் வேறு. டிரிம்மர் எவ்வளவு தாழ்த்தி வைத்தாலும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். அதன் வேலை குறைப்பது, மழிப்பதன்று. விலை குறைவென்று டிரிம்மரை வாங்கிவந்து, ‘மின்கருவியெல்லாம் ஏமாற்று’ என்று புலம்புவோர் பலர். அரிவாள்மனையை வாங்கிவந்து மாவு அரைபடவில்லை என்று புலம்பலாமா?

*

இனி முதற்பொய்க்கு வருவோம். ‘பிளேடைவிட நெருக்கமான சவரம்’ என்பது இத்துறையின் மூலமந்திரம். இதை நம்புவதற்கு முன் ஒரு கணம் தகட்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அலகுக்கும் தோலுக்கும் இடையில் எப்போதும் தகடு இருக்கிறது. துளைக்குள் தோல் சற்றே புடைத்து உயரும் என்பது உண்மை. ஆயினும் தகட்டின் தடிமன் என்றொன்று இருக்கவே செய்கிறது. தோலின் மீது நேரே ஊரும் பிளேடோடு இது நெருக்கத்தில் போட்டியிடுவது கடினம். கருவியின் பிறவிக்குணம் அது. அக்குணத்தால்தான் கருவி தோலை வெட்டாமல் இருக்கிறது. குறை எதுவோ அதுவே காப்பு.

அந்த நெருக்கக் குறைவு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். முகத்து முடி நாளொன்றுக்குத் தோராயமாக 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது என்று கொள்வோம். மின்கருவி விட்டுவைக்கும் எச்சம் 0.05 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 0.05 என்பது 0.4 இல் எட்டில் ஒரு பங்கு. ஒரு நாளில் எட்டில் ஒரு பங்கு மூன்று மணி நேரம். ஆக, பிளேடால் மழித்த முகம் காலை ஏழு மணிக்கு எப்படி இருக்கிறதோ, அதே முகம் பத்து மணிக்கு மின்கருவியால் ஏழு மணிக்கு மழித்த முகத்தைப் போலிருக்கும். ஆளுக்கு ஆள், கருவிக்குக் கருவி இக்கணக்கு சற்று முன்பின் ஆகலாம். கணக்கின் உருவம் மாறாது. இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு மூன்று மணி நேர வளர்ச்சியே! இந்த மூன்று மணி நேர மழுமழுப்புக்காகத்தான் ஒரு பெருந்தொழிலே நம்மிடம் பல ஆயிரம் ரூபாய் கேட்கிறது. விளம்பரத்தில் மாதர்தம் கன்னத்தால் அளந்து காட்டப்படும் நெருக்கம், கடிகாரத்தால் அளந்தால் இவ்வளவே.

நெருக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கத்தக்கது எது என்று எவரும் சொல்வதில்லை. சுருண்டு வளரும் முடியுடையோருக்கு, மிக நெருங்க மழித்த முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டிகளாகித் துன்புறுத்துவதுண்டு. முடியைச் சற்று விட்டுவைப்பது அவர்களுக்கு நலம். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்குப் பிளேடைத் தவிர்த்து மின்கருவியைப் பயன்படுத்துமாறு மருத்துவர்கள் அறிவுரைப்பது வழக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்க்குச் சிறு கீறலும் கவலைக்குரியது. நாற்பதைக் கடந்த நம் போன்றோரின் ஆசிரியர் அறையில் இவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். மின்கருவியின் மெய்யான பெருமை இங்கே இருக்கிறது. விற்பவர்களோ அதை விட்டுவிட்டு, அதனால் இயலாத ஒன்றைச் சொல்லி விற்கிறார்கள்.

*

இரண்டாவது பொய், எண்ணிக்கை. மூன்று அலகு, ஐந்து அலகு, ஆறு அலகு. நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் அசைவு. முகத்தை ‘உணர்ந்து’ வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அறிவு. அலகு மிகுந்தால் தலை அகலும். தலை அகன்றால் கன்னத்தில் இழுப்புகள் குறையும். இது மெய். மூக்கின் அடியிலும் உதட்டோரத்திலும் அதே அகன்ற தலை நுழைய மறுக்கும் என்பதும் மெய். முதல் மெய் அட்டைப்பெட்டியின் மேல் இருக்கிறது. இரண்டாவது மெய் வாங்கிய மறுநாள் காலையில் தெரிகிறது.

காலை அவசரத்துக்கு வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றை நாம் சொல்கிறோம்.

ஒன்று: ஐந்து நிமிடம் மின்னேற்றினால் ஒரு சவரத்துக்குத் தாங்குமா? இரவு மின்னேற்ற மறந்துவிடுவது மனித இயல்பு. இங்கே பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. நீரில் கழுவத்தக்க கருவிகள் பலவும், பாதுகாப்புக் கருதி, மின்கம்பியில் இணைத்த நிலையில் இயங்காதவாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. மின்கலம் தீர்ந்தால் கம்பியைச் செருகி அப்படியே மழித்துக்கொள்ளலாம் என்று எண்ணியவர் அரைமுகத்தோடு நிற்பார். ஆகவே, கம்பியோடு இயங்குமா, இல்லையெனில் விரைமின்னேற்றம் உண்டா என்பதே முதற்கேள்வி. ஒருமுறை ஏற்றினால் எத்தனை நிமிடம் ஓடும் என்பது, நாள்தோறும் நான்கு நிமிடம் பயன்படுத்துபவருக்கு இரண்டாம் நிலைக் கேள்விதான்.

இரண்டு: மாற்றுத்தலை கிடைக்குமா, விலை என்ன? தகடும் அலகும் தேயும். ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்பவர்கள் உற்பத்தியாளர்களே. சில மாதிரிகளில் மாற்றுத்தலையின் விலை கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை எட்டுகிறது. மலிவு மாதிரிகள் சிலவற்றுக்கு மாற்றுத்தலையே நம் ஊர்க்கடைகளில் கிடைப்பதில்லை. பத்து ஆண்டுச் செலவைக் கணக்கிடாமல் கருவியின் விலையை மட்டும் பார்ப்பவர், வாடகையைக் கேட்காமல் முன்பணத்தைக் கொடுத்தவர் ஆவார்.

மூன்று: கழுவுவது எப்படி? சாராய நீர்மம் நிரப்பிய கலத்தில் தானே குளித்துக்கொள்ளும் கருவிகள் உள்ளன. அக்கலத்தைச் சில வாரங்களுக்கொருமுறை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குழாயடியில் கழுவத்தக்க கருவி போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஓடும் ஊர்களில் கழுவியபின் நன்றாக உலரவிட்டு, வாரத்துக்கொருமுறை தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட்டால் அலகு நெடுநாள் உழைக்கும். இதற்கு ஆகும் செலவு சில காசு.

நான்கு: உங்கள் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவருமா? கடலோர ஊர்களில் வியர்வை பிசுபிசுக்கும் முகத்தில் உலர்சவரம் இழுத்துப் பிடிக்கும். குளிப்பதற்கு முன், மின்விசிறியடியில், முகத்தைத் துடைத்துச் சிறிது பவுடர் தடவிக்கொண்டு மழித்தால் இழுக்காது. நுரையோடும் பயன்படுத்தலாம் என்னும் வகையை வாங்கினால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

ஐந்து: மூன்று வாரம் பொறுக்க முடியுமா? பிளேடுக்குப் பழகிய தோல் மின்கருவிக்குப் பழக இரண்டு மூன்று வாரங்கள் எடுக்கும். முதல் வாரத்தின் எரிச்சலைக் கண்டு அலமாரிக்குள் வீசப்பட்ட கருவிகள் ஏராளம். இதைப் பெட்டிக்குள் இருக்கும் கையேடு சொல்கிறது. பெட்டியின் மேல் சொல்வதில்லை.

இவ்வைந்து கேள்விகளுக்கும் நேர்விடை தரும் நடுத்தர விலைக் கருவி, கேட்காமல் வாங்கிய உயர்விலைக் கருவியைவிடக் காலைக்கு உதவும். ‘எத்தனை அலகு’ என்பது ஆறாவது கேள்வியாகக்கூட வரத் தகுதியற்றது.

*

மறைக்கப்பட்ட உண்மையை இப்போது சொல்லலாம். கருவி சாவதற்கு முன் மின்கலம் சாகிறது. மோட்டார் ஓடும், தலையை மாற்றலாம், உடல் உறுதியாக இருக்கும். ஆயினும் சில ஆண்டுகளில் லித்தியம் மின்கலம் தளர்ந்து, இரண்டு சவரத்துக்கு மேல் தாங்காமல் போகும். உள்ளே இருப்பது விரல் அளவுள்ள ஒரு மின்கலம். அதை மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். நாம் அறிந்த ஒரு நிறுவனத்தின் பழுதுநீக்கும் மையத்தில், கருவியைத் திறந்துகூடப் பாராமல், ‘புதிதாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சலுகை இருக்கிறது’ என்றார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை. அது தனியொரு நிறுவனத்தின் குற்றமன்று, ஒரு தொழிலின் வழக்கம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் இயற்றிய மின்கல ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே எளிதில் கழற்றி மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. நீர் தெறிக்கும் இடத்தில் இயங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட, கழுவத்தக்க கருவிகளுக்கு ஒரு விலக்கும் தருகிறது. அவற்றைத் தேர்ந்த பழுதுநீக்குபவர் மாற்ற முடிந்தால் போதும். அந்த விலக்கைக்கூட நாம் குறை சொல்லவில்லை. தெருமுனையில் கைப்பேசி பழுதுபார்க்கும் இளைஞர் திறந்து மூடத்தக்கதாக ஒரு சவரக் கருவி இருந்தால் போதும் என்றுதான் நாமும் கேட்கிறோம். நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 இல் பழுதுநீக்கும் உரிமைக்கென ஓர் இணையவாயிலைத் திறந்தது; அதே ஆண்டில் மின்னணுக் கழிவுக்கும் மின்கலக் கழிவுக்கும் புதிய விதிகள் வந்தன. விதிகள் குப்பையைப் பற்றிப் பேசுகின்றன. குப்பையாகாமல் இருப்பதைப் பற்றி வாங்கும் இடத்திலேயே நாம்தான் பேச வேண்டும். ‘மின்கலம் மாற்றித் தருவீர்களா, எவ்வளவு ஆகும், எழுதித் தாருங்கள்’ என்று ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால் அடுத்த மாதிரியின் அடிப்பாகத்தில் இரண்டு திருகாணிகள் முளைக்கும்.

*

மறுப்புகள் வரும். அவற்றுள் வலிமையானவற்றுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

பிளேடின் அன்பர்கள் சொல்வார்கள்: இருபுறக் கூருள்ள பழைய பிளேடு சில ரூபாயில் கிடைக்கிறது, இரும்புப் பிடி தலைமுறைக்கும் வரும், மின்கலமும் இல்லை, குப்பையும் குறைவு. முழுக்க முழுக்க உண்மை. காசு ஒன்றே அளவுகோல் எனில் அதை வெல்ல எதுவுமில்லை. காலையில் பத்து நிமிடம் கையில் உள்ளவர், கை நடுங்காதவர், தோல் ஒத்துழைப்பவர் பிளேடையே பயன்படுத்துக. அவர்களுக்கு மின்கருவி விற்பது நம் வேலையன்று. ஆனால், மின்கருவியைச் ‘சோம்பேறியின் கருவி’ என்று அவர்கள் ஏளனம் செய்வதை ஏற்கவியலாது. 1901 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1903 இல் வெறும் 51 பிடிகளையும் 168 அலகுகளையும் விற்றுத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட்டின் பிளேடையும், தீட்டுக்கல்லில் கத்தி தீட்டத் தெரிந்தவர்கள் சோம்பேறியின் கருவியாகவே பார்த்திருக்கக் கூடும். நேற்றைய சோம்பல் இன்றைய மரபு. அவ்வளவுதான்.

தாடி வளர்த்தால் போயிற்று என்பார் வேறு சிலர். தாராளமாக. இன்றைய மாணவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களை வாயிலில் நிறுத்தி முகத்தைப் பார்த்து ஒழுக்கம் அளக்கும் நிர்வாகங்களோடு நமக்கு உடன்பாடில்லை. வள்ளுவர் தீர்ப்பு முன்பே வந்துவிட்டது. ஆனால் மழித்துக்கொள்ள விரும்புபவனுக்கும் அவ்விருப்பத்தில் உரிமை உண்டு.

*

எஞ்சியிருப்பது மூன்றாவது பொய். எல்லாவற்றினும் பெரியது அதுவே. ‘காலையில் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்’ என்கிறது விளம்பரம். படத்தில் ஓர் ஆண் கண்ணாடி முன் நிற்கிறான்; இரண்டு இழுப்பில் முகம் மழுமழுவென்றாகிறது; சட்டையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி வெளியேறுகிறான். அந்த வீட்டில் வேறு எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவனுடைய சட்டையை இஸ்திரி போட்டது யார், சோற்றுப் பாத்திரத்தில் சோறு எப்படி வந்தது என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது.

கணக்கு இங்கேயும் உண்டு. நீர் காய்ச்சி, நுரை பூசி, மழித்து, கழுவி, துடைக்கப் பத்து நிமிடம், மின்கருவிக்கு நான்கு. மிச்சம் ஆறு. கல்லூரியின் கற்பித்தல் நாட்கள் 180 என்று கொண்டால் ஓராண்டில் 1080 நிமிடம், அதாவது 18 மணி நேரம். அதோடு, ஒரே குளியலறை உள்ள வீட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. மின்சவரத்தைக் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்தே முடித்துக்கொள்ளலாம், குளியலறை பிறருக்கு விடுபடும். இந்த 18 மணி நேரம் மெய்யானது. அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஒரு நாளில் ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபட்டனர்; ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்ட பெண்கள் அதில் செலவிட்டது சராசரி 299 நிமிடம்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். நால்வரில் மூன்று ஆண்கள் அன்றைக்கு ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை என்பதே இதன் தமிழ். ‘அவசரமான காலை’ என்ற சொற்றொடரின் எழுவாய் ஆண் என்று விளம்பரம் முடிவு செய்துவிட்டது. புள்ளிவிவரமோ அவசரம் அடுக்களையில் இருக்கிறது என்கிறது. கண்ணாடி முன் நின்று பத்து நிமிடம் நிதானமாக நுரை பூசிக்கொள்ளும் ஆணின் ‘காலைச் சடங்கை’ வியந்து எழுதும் நண்பர்கள், அச்சடங்குக்கான பத்து நிமிடத்தை அவருக்கு முன்பணமாகக் கொடுத்தவர் யார் என்று ஒருமுறை அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆறு நிமிடத்தில் என்னென்ன செய்யலாம்? இரவில் ஊறவைத்த பாத்திரங்களைக் கழுவி அடுக்கலாம். பிள்ளைகளின் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி, பைகளில் வைக்கலாம். தேங்காய் துருவித் தரலாம். படுக்கைகளைச் சுருட்டலாம். இவற்றில் எதற்கும் முதுகலைப் பட்டம் தடையன்று. மிச்சமாகிய ஆறு நிமிடத்தைச் செய்தித்தாளுக்கும் கைப்பேசிக்கும் கொடுப்பவர், வீட்டுப் பணத்தில் பல ஆயிரம் ரூபாய் செலவழித்துத் தம் ஓய்வை மட்டும் நீட்டிக்கொண்டவர். அவர் வாங்கிய கருவி ஐந்து அலகுடையதாயினும் ஆறு அலகுடையதாயினும், அவ்வீட்டின் காலை அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே வாங்குங்கள், முகத்தைப் பார்த்து வாங்குங்கள். விரைமின்னேற்றம், மாற்றுத்தலை, மின்கலம் ஆகிய மூன்றுக்கும் விடை கேட்டு வாங்குங்கள். நெருக்கம் என்று சொன்னால் மூன்று மணி நேரக் கணக்கைச் சொல்லிச் சிரியுங்கள். வாங்கிவந்த பின், மிச்சமாகும் ஆறு நிமிடத்தை எங்கே கொடுக்கப் போகிறீர்கள் என்பதை அன்றைக்கே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.